கீழே பார்க்கிங், மேலே வீடு: தலைவாசலுக்கு எந்தக் கதவு?

கேள்வி:

வணக்கம் சார். திருச்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளம் முழுக்கப் பார்க்கிங். முதல் மாடியில் நாங்கள், இரண்டாம் மாடியில் மகன் குடும்பம். ஒரே ஒரு மாடிப்படி. அதன் அடியில்தான் ஈபி மீட்டர் பெட்டி வருகிறது. பக்கத்திலேயே இரண்டு மின் ஸ்கூட்டர்களுக்குச் சார்ஜ் பாயின்ட் போட்டிருக்கிறோம். மாமியாருக்கு 82 வயது, வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். தலைவாசலுக்குத் தேக்குதான் வேண்டும் என்கிறார். கடைக்காரர் ஒருவர் இரண்டு மணி நேரம் தீ தாங்கும் இரும்புக் கதவைக் காட்டுகிறார். இன்னொருவர் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) கதவே ஃபயர் புரூஃப்தான் என்கிறார். கலிஃபோர்னியாவில் இருக்கும் மகளோ அங்கே வெளிக்கதவுக்கு 20 நிமிடம் தாங்கினால் போதும் என்கிறாள். முன்கதவு, சமையலறைப் பின்கதவு, தெருப்பக்கப் பால்கனிக் கதவு, மூன்றுக்கும் என்ன போடலாம்? அடுத்த மாதம் வாசக்கால் வைக்க நாள் குறித்துவிட்டோம்.

வாசகி, திருச்சி

பதில்:

வணக்கம். நாள் குறித்துவிட்டதாகச் சொல்வதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடிப்படியைப் பார்க்கும் இரண்டு தலைவாசல்களுக்கும், உங்களுடையதற்கும் மகன் வீட்டுக்கும், 60 நிமிடம் தாங்குவதாகச் சோதிக்கப்பட்ட மரக்கதவை நிலையோடு சேர்த்து வாங்குங்கள். இரும்பு வேண்டாம். டபிள்யூபிசி வேண்டவே வேண்டாம். பின்கதவுக்குச் சாதாரணக் கெட்டிக் கதவு போதும். பால்கனியில் கதவைவிட, அது எந்த இடத்துக்கு மேலே இருக்கிறது என்பதுதான் கவலை. மாமியாரின் தேக்கு ஆசையையும் நிறைவேற்றலாம், அதற்கு வழி இருக்கிறது.

இனி காரணங்கள்.

நீங்கள் எழுதியதில் கதவைப் பற்றிய வரிகளைவிட மாடிப்படிக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற வரிகள்தான் என்னை நிறுத்தின. மீட்டர் பெட்டி, சார்ஜில் நிற்கும் ஸ்கூட்டர்கள், பெட்ரோல் வண்டிகள். தீப்பிடிக்கக் கூடிய எல்லாவற்றையும் நீங்கள் வெளியேற இருக்கும் ஒரே வழியின் காலடியில் குவித்திருக்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. இப்போது தமிழ்நாட்டில் கட்டப்படும் இந்த மாதிரி வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்போலத் தோன்றுகிறது. படியடியில் இடம் வீணாகிறதே என்று முதலில் மீட்டர் அங்கே போகிறது. மீட்டர் அங்கே இருப்பதால் சார்ஜ் பாயின்டும் பக்கத்திலேயே வருகிறது, வயர் மிச்சம்.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்தது நினைவிருக்கும். இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் இறந்தார்கள். உயிரைப் பறித்தது புகை. வீட்டுத் தீ விபத்துகளில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. கீழே எரியத் தொடங்கினால் சூடான புகை மேலே போக வழி தேடும். உங்கள் கட்டடத்தில் அதற்குக் கிடைக்கும் வழி மாடிப்படிக் கூடம். கீழே திறந்து, மேலே மொட்டைமாடி வரை போகும் அந்தக் கூடம் அப்படியே புகைபோக்கியாக வேலை செய்யும். படுக்கையில் இருப்பவர் எழுந்து விளக்கைப் போடும் நேரத்துக்குள் படி முழுக்கக் கறுப்பாகிவிடலாம். அப்போது 82 வயதானவரை வாக்கரோடு அந்தப் படியில் இறக்க முடியாது. இளையவர்களும் இறங்கக் கூடாது.

அதனால் உங்கள் தலைவாசலின் வேலை மற்ற வீடுகளில் இருப்பதைவிட வேறு. தெருவைப் பார்த்த தனி வீட்டில் தலைவாசல் என்பது வெளியே ஓடுவதற்கு. உங்கள் வீட்டில் அது தீயையும் புகையையும் வெளியே நிறுத்தி வைக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து, ஏணி போட்டு, உங்களை இறக்கும் வரை அது நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள். தெருவைப் பார்த்த தரைத்தள வீட்டுக்காரர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், "நல்ல கெட்டி மரக்கதவு போடுங்கள், மிச்சப் பணத்துக்கு வயரிங்கை ஒழுங்கு பண்ணுங்கள்" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

சரி, கடைக்காரர்கள் சொல்வதைப் பார்ப்போம்.

"ஃபயர் புரூஃப்" என்று விளம்பரத்தில் இருக்கலாம், சோதனைச் சான்றிதழில் இருக்காது. இரண்டு வேறு விஷயங்களைக் கடைகளில் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒரு பொருள் எளிதில் தீப்பற்றாது, சுடரை எடுத்தால் தானே அணைந்துவிடும் என்பது ஒன்று. ஒரு கதவு இத்தனை நிமிடம் உலைக்கு எதிரே நின்று தீயை மறுபக்கம் விடாது என்பது இன்னொன்று. டபிள்யூபிசிக்காரர் லைட்டரைக் கதவுத் துண்டில் பிடித்துக் காட்டுவார், அது எரியாது. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கதவில் இருப்பது மரத்தூளும் பிவிசியும். பிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். சோதனை உலையில் 5 நிமிடத்திலேயே வெப்பம் 570 டிகிரியைத் தாண்டிவிடும், அரை மணியில் சுமார் 840, ஒரு மணியில் சுமார் 945. லைட்டர் சோதனைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. போதாக்குறைக்கு, பிவிசி கருகும்போது வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், கண்ணையும் தொண்டையையும் அரித்துவிடும். குளியலறைக்கு டபிள்யூபிசி அருமையான கதவு. தண்ணீருக்கு அஞ்சாது, கறையான் தொடாது. அங்கே தாராளமாகப் போடுங்கள்.

இரண்டு மணி நேர இரும்புக் கதவு விஷயம் இன்னும் நுணுக்கமானது. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், சான்றிதழும் இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது, "எதை இரண்டு மணி நேரம் தாங்கும்?" என்று. சோதனையில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று, கதவு முறுகி விலகாமல், இடுக்கு வழியே சுடர் வராமல் நிற்கிறதா என்பது. மற்றது, தீ படாத பக்கம் எவ்வளவு சூடாகிறது என்பது. இரண்டாவதில் தேற வேண்டுமானால் பின்பக்கத்தின் சராசரி வெப்பம் தொடக்கத்தில் இருந்ததைவிட 140 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது, எந்த ஒரு புள்ளியிலும் 180 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. விலை குறைந்த இரும்புக் கதவுகளில் இரண்டு தகடுகளுக்கு நடுவே தேன்கூடு மாதிரி மடித்த காகிதம்தான் இருக்கும். முதல் அளவுகோலில் 120 நிமிடம் நின்றுவிடும். இரண்டாவதில் சில நிமிடம்கூடத் தேறாது. கதவு விழாது, ஆனால் உள்பக்கத் தகடு அடுப்பில் வைத்த தோசைக்கல்தான். பின்னால் தொங்கும் திரைச்சீலை, பக்கத்தில் இருக்கும் ப்ளைவுட் செருப்பு ஸ்டாண்டு எல்லாம் வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். தொழிற்சாலைக் கிடங்குக்கு அந்தக் கதவு சரி, அதன் பின்னால் யாரும் தூங்கப் போவதில்லை. உள்ளே ராக்வுல் என்ற பாறை இழைப் பஞ்சு அடைத்த இரும்புக் கதவுகள் இதைவிட மேல். ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம், மாமியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இப்போது தேக்கு. மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மரம் எரியும், ஆனால் நிதானமாக, கணக்காக எரியும். மேலே கரி படியும், அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வையாகிவிடும். அடர்த்தியான மரம் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர், கொஞ்சம் கூடுதலாகப் போனால் முக்கால் மில்லிமீட்டர் என்ற அளவில்தான் கருகிக்கொண்டே போகும். ஒன்றரை அங்குலக் கெட்டிப் பலகை என்றால் அரை மணி கழித்தும் பாதி மரம் மிச்சமிருக்கும். இரும்போ சூட்டில் முறுக்கிக்கொண்டு நிலையை விட்டு விலகும். மரம் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும்.

அப்படியானால் ஆசாரியிடம் சொல்லித் தேக்குக் கதவே செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். இரண்டு இடத்தில் அது தோற்கும். ஒன்று பேனல். நம் ஊர்த் தேக்குக் கதவில் சட்டம்தான் ஒன்றரை அங்குலம், நடுவில் செருகும் பேனல் முக்கால் அங்குலம்தான் வரும். அது சட்டத்தின் காடிக்குள் நுழையும் ஓரத்திலும், லட்சுமி உருவம் செதுக்கிய பள்ளத்திலும் அரை அங்குலம்கூட இருக்காது. தீ அங்கேதான் துளைக்கும். இன்னொன்று இடுக்கு. மழைக்காலத்தில் ஊதி இறுகுகிறது என்று இழைத்து, கோடையில் சுருங்கி, இரண்டு வருடத்தில் சுற்றிலும் கால் அங்குல இடைவெளி வந்துவிடும். தீ வருவதற்கு ரொம்ப முன்பே அந்த இடுக்கு வழியாகப் புகை வந்துவிடும்.

மகள் சொன்ன 20 நிமிடமும் தவறில்லை, ஆனால் அது வேறு சண்டை. கலிஃபோர்னியாவில் பயம் காட்டுத்தீயைப் பற்றியது. காற்றில் பறந்து வரும் தணல் வீட்டு வெளிப்புறத்தில் விழுந்து பற்றக் கூடாது, பக்கத்து வீடு எரியும் சூட்டில் கதவு கருகி விழக் கூடாது. அதற்காக அங்குள்ள கட்டட விதி, காட்டுத்தீ ஆபத்துள்ள பகுதிகளில் வெளிக்கதவு எரியாத பொருளாலோ, 35 மில்லிமீட்டர் அளவு கெட்டி மரத்தாலோ, 20 நிமிடச் சோதனையில் தேறியதாகவோ இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஊர் ஊராக எரிந்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அறிவிப்பு வந்ததும் காரில் ஏறிப் போய்விடுவார்கள், கதவு காக்க வேண்டியது வீட்டை. உங்கள் கதவு காக்க வேண்டியது உள்ளே மாட்டிக்கொண்டவர்களை. அதனால்தான் 60 கேட்கிறேன். பட்ஜெட் இடிக்கிறது என்றால் 30க்கு இறங்கலாம், ஆனால் கீழே வரும் சமாச்சாரங்களில் ஒன்றையும் விடாமல் செய்தால் மட்டும்.

என்ன வாங்குவது என்றால், கெட்டியான தீத்தடுப்புப் பலகை நடுவில் வைத்த மரக்கதவு. 30 நிமிடக் கதவு பொதுவாக 44 மில்லிமீட்டர் கனம், 60 நிமிடக் கதவு 54 மில்லிமீட்டர் என்ற அளவில் வரும். இதற்கு மேலே தேக்கு வெனீர் ஒட்டித் தருவார்கள், ஓரத்துக்குத் தேக்குச் சட்டமும் வரும். பார்ப்பவருக்குத் தேக்குக் கதவுதான். செதுக்கல் வேலை வேண்டுமென்றால் உற்பத்தியாளரிடமே கேட்டு, சான்றிதழ் அனுமதிக்கும் விதத்தில் மேலே ஒட்டும் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஆசாரி உளி வைத்தால் அந்த 60 நிமிடம் காகிதத்தில்தான் இருக்கும். லென்ஸ் துளை, டிஜிட்டல் பூட்டுக்கான ஓட்டை எல்லாமும் இதில் அடங்கும். என்ன பூட்டு என்று இப்போதே முடிவு பண்ணி, தொழிற்சாலையிலேயே வெட்டி வாங்குங்கள்.

வாசக்கால் வைக்கும் நாளை இங்கேதான் யோசிக்க வேண்டும். கதவு மட்டும் தனியாகச் சோதிக்கப்படுவதில்லை. நிலை, பலகை, கீல், பூட்டு, ஓரத்துப் பட்டை எல்லாம் சேர்ந்த ஒரு செட்டுக்குத்தான் சான்றிதழ். ஆசாரி செய்த நிலையில் கடையில் வாங்கிய தீக்கதவை மாட்டினால் அது சோதிக்கப்பட்ட கதவு ஆகாது. எனவே அதே நிறுவனத்திடம் கெட்டி மர நிலையாகவே கேளுங்கள். மரம் தேக்காக இருக்கலாமா என்பதை அவர்கள் சோதனை அறிக்கையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குறித்த நாளுக்குள் வரவில்லை என்றால் பூஜையை நடத்திவிட்டு நிலையைப் பிறகு பொருத்துங்கள். மஞ்சள் குங்குமம் இட்ட நிலையைப் பிடுங்க மனம் வராது, அதனால் அவசரப்பட்டு வேறு நிலையைச் சுவரில் பதித்துவிடாதீர்கள்.

நிலையின் ஓரக் காடியில் ஒரு பட்டை இருக்கும். சூடு 200 டிகிரியை நெருங்கும்போது அது பல மடங்கு ஊதி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைத்துவிடும். பெயின்டர் அதைக் குப்பை என்று நினைத்து உரித்துப் போடுவதும், புட்டி போட்டுப் பூசுவதும் சர்வசாதாரணம். முதல் நாளே அவரிடம் காட்டிவிடுங்கள். இந்தப் பட்டை சூடு பட்டால்தான் வேலை செய்யும். ஆறிய புகை முதலில் வரும், அதற்குப் பிரஷ் மாதிரியோ ரப்பர் இதழ் மாதிரியோ தனியாக ஒரு புகைப் பட்டை வேண்டும். இரண்டும் சேர்ந்த பட்டையாகவே கிடைக்கிறது. பக்கங்களிலும் மேலேயும் இடைவெளி 3 மில்லிமீட்டர் என்ற கணக்கில் இருக்க வேண்டும். மூன்று கீல், எல்லாம் எஃகு. பித்தளைக் கீல் அழகுதான், ஆனால் இந்தக் கதவுக்கு வேண்டாம். அலுமினியக் கீல் வேண்டவே வேண்டாம், அது 660 டிகிரியில் உருகிவிடும்.

கீழ் இடுக்குக்கு நம் பழைய மர வாசப்படி நல்ல அடைப்பு. ஆனால் வாக்கரோடு நடப்பவருக்கு அது தடுக்கும். கதவைச் சாத்தும்போது தானாகக் கீழே இறங்கி, திறக்கும்போது மேலே ஏறிக்கொள்ளும் அடிப்பட்டை ஒன்று உண்டு, அதைக் கேளுங்கள். தரையில் மேடு தேவைப்படாது.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை இப்போது எல்லாரும் மஞ்சள் நிற ஃபோம் அடித்து மூடுகிறார்கள். பத்து நிமிட வேலை என்று கான்ட்ராக்டருக்கு அதில் கொள்ளைப் பிரியம். சாதாரண ஃபோம் நன்றாக எரியும். சிமென்ட் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் ராக்வுல் திணித்து மேலே பூசச் சொல்லுங்கள். அந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

அப்புறம், கதவுக்கு மேலே என்ன இருக்கிறது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் வீடுகளில் தலைவாசலுக்கு மேலே ஒரு வென்டிலேட்டரும் பக்கத்தில் படியைப் பார்த்த ஒரு ஜன்னலும் இருப்பது வழக்கம். காற்றுக்காகவும், வந்தவர் யார் என்று பார்க்கவும். 60 நிமிடக் கதவை வைத்துவிட்டு மேலே சாதாரணக் கண்ணாடி வைத்தால், சில நிமிடங்களில் கண்ணாடி வெடித்துப் புகை அந்த வழியாக வந்துவிடும். படிப்பக்கச் சுவரில் கதவைத் தவிர வேறு திறப்பே வேண்டாம். வெளிச்சம் வேண்டுமென்றால் தீ தாங்கும் கண்ணாடி இருக்கிறது, விலையைக் கேட்டதும் நீங்களே செங்கல்லுக்கு வந்துவிடுவீர்கள்.

இவ்வளவும் செய்த கதவு, சாத்தியிருந்தால்தான் கதவு. 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. நெருப்பு பெரிதாகப் பரவவில்லை. தீப்பிடித்த வீட்டார் ஓடி வந்தபோது அவர்கள் வீட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் திறந்தே நின்றது, மேலே ஒரு மாடிப்படிக் கதவும் திறந்திருந்தது. 17 பேர் புகையில் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள்.

ஆகவே டோர் குளோசர் கட்டாயம். இதில்தான் வீட்டில் சண்டை வரும் என்பது எனக்குத் தெரியும். கனமான கதவு, தள்ளினால் திருப்பித் தள்ளுகிறது, வாக்கர் பிடித்தவருக்கு இரண்டு கையும் காலியில்லை. ஒரு வாரத்தில் யாராவது ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிடுவார்கள், அல்லது கீழே காந்தத் தடுப்பு ஒன்றைத் திருகிவிடுவார்கள். பால்காரர், குரியர், சாயங்காலக் காற்று என்று கதவைத் திறந்து போட்டே பழகிய ஊர் நம்முடையது. அதனால் மலிவான ஸ்பிரிங் குளோசர் வாங்காதீர்கள். விசையைக் கூட்டிக் குறைக்கக் கூடிய ஹைட்ராலிக் வகை வாங்கி, பலகை நிலையில் முழுசாகப் போய்ப் பொருந்தும் அளவுக்கு மட்டும் விசையை வையுங்கள். காசு இருந்தால் இன்னொரு வகை இருக்கிறது. சாதாரண நேரத்தில் கதவு எந்தக் கனமும் தெரியாமல் ஆடும், நின்ற இடத்தில் நிற்கும். புகை உணர்கருவி ஒலித்தால் மட்டும் தானாகச் சாத்திக்கொள்ளும். மின்சாரம் போனாலும் சாத்திக்கொள்ளும்படியான மாடல்தானா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் வீட்டுச் சூழலுக்கு, மற்ற எங்கே குறைத்தாலும், இதற்குச் செலவு செய்வேன்.

இரவில் பூட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. தீக்கதவுக்கு வெளியே ஒரு கிரில் கேட், அதில் உள்பக்கமாக ஒரு திண்டுக்கல் பூட்டு, சாவி பூஜையறையில். இதைச் செய்வீர்கள் என்று எனக்குச் சந்தேகம், ஏனென்றால் எல்லாரும் செய்கிறார்கள். திருட்டுப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் உள்ளே இருப்பவர் சாவி தேடாமல் திறக்க முடிய வேண்டும். வெளியே சாவி, உள்ளே கையால் திருகும் குமிழ் உள்ள பூட்டை கேட்டுக்கும் கதவுக்கும் போடுங்கள். தாழ்ப்பாள் ஒன்று போதும், மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நாதாங்கி என்று இருட்டில் தடவ வேண்டிய நிலை வேண்டாம். இரட்டைக் கதவும் வேண்டாம். நடு இடுக்கை அடைப்பது வம்பு, ஒரு பலகைக்குத் தாழ் போட மறந்தால் எல்லாம் போயிற்று. மூன்றேகால் அடிக்குக் குறையாத ஒற்றைக் கதவு வாக்கருக்கும் நல்லது, ஸ்ட்ரெச்சருக்கும் நல்லது.

சமையலறைப் பின்கதவு குறித்து நான் சொல்வது நேர்மாறாகத் தெரியலாம். அதற்கு அடிப்பட்டை வேண்டாம், இறுக்கி அடைக்கவும் வேண்டாம். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழும். கதவுக்கு அடியில் இடுக்கோ, சுவரில் தரையை ஒட்டி ஒரு ஜாலியோ இருந்தால் வெளியேறும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் அறைக்குள்ளேயே தேங்கி, காலையில் யாராவது ஸ்விட்சைத் தட்டும்வரை காத்திருக்கும். அங்கே கெட்டியான ஃப்ளஷ் டோர் ஒன்று, உள்ளே வெற்றிடம் இல்லாததாகப் பார்த்துப் போடுங்கள், அவ்வளவுதான். பணத்தை சிலிண்டர் ரெகுலேட்டருக்கும் டியூபுக்கும் கொடுங்கள்.

தெருப்பக்கப் பால்கனி பார்க்கிங்கின் வாய்க்கு நேர் மேலே வருகிறதா? அப்படியென்றால் கீழே கார் எரியும்போது சுடர் வெளியே வந்து மேல் நோக்கி வளைந்து முதலில் தொடுவது அந்தப் பால்கனியைத்தான். யுபிவிசி சட்டம் இளகும், கண்ணாடி விரிசல் விடும். அங்கே தீக்கதவு போடச் சொல்ல மாட்டேன், செலவுக்கு முடிவே இருக்காது. அலுமினியச் சட்டத்தில் டஃபன்டு கண்ணாடி போடுங்கள், பிளாஸ்டிக் மூங்கில் தட்டி, திரைச்சீலை எதுவும் தொங்க விடாதீர்கள். முக்கியமாக, ஆபத்தில் அங்கே போய் நிற்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அப்படியானால் எங்கே நிற்பது? கதவு வாங்கித் தரும் அந்த ஒரு மணி நேரத்தை எங்கே இருந்து கழிப்பது என்று கேட்டுப் பார்த்தால் வீட்டின் குறை தெரிந்துவிடும். சமையலறைப் பின்கதவு என்று எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மிஞ்சுவது அதற்குப் பின்னால் உள்ள யுடிலிட்டி இடம்தான். அது பார்க்கிங் வாயிலிருந்து எதிர்ப்பக்கம். ஆனால் அதையும் முழுக்க கிரில் போட்டு அடைக்கப் போகிறீர்கள், இல்லையா? அந்த கிரில்லில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு, உள்ளே இருந்து சாவியின்றித் திறக்கும் ஒரு பகுதி வையுங்கள். வெல்டருக்கு அரை நாள் வேலை. மாமியாரின் படுக்கையறையும் அந்தப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. மகன் வீட்டுக்கும் இதேதான். படி புகையாக இருந்தாலோ, புறங்கையால் தொட்டுப் பார்க்கும்போது கதவு சூடாக இருந்தாலோ, கதவைத் திறக்காமல் பின்பக்கம் போய் 101க்கோ 112க்கோ கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எல்லாரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். பேரப்பிள்ளைகளிடமும்.

வாங்கும்போது காகிதம் கேளுங்கள். ஐஎஸ் 3614 என்ற இந்தியத் தரநிலைப்படி சோதித்த அறிக்கையா, அல்லது பிரிட்டிஷ், ஐரோப்பியத் தரநிலையா, எந்த ஆய்வுக்கூடம், எந்த அளவுக் கதவு, எந்தக் கீல், எந்தப் பூட்டு, எந்தப் பக்கம் தீ வைத்தார்கள், வெப்பத் தடுப்பு எத்தனை நிமிடம். இந்தியாவில் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தச் சோதனை நடக்கிறது. முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 2017இல் 72 பேர் இறந்த பிறகு, அங்கே இருந்த வகை வீட்டுக் கதவு ஒன்றைச் சோதித்தார்கள். 30 நிமிடம் தாங்க வேண்டியது சுமார் 15 நிமிடத்தில் தோற்றது. கதவின் கீல் ஓரத்தில் உலோகப் பட்டயம் இருக்கும், அதன் எண்ணும் அறிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயின்டர் அதையும் பூசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அளவு வீட்டுக்குப் பிளான் அனுமதியில் இந்தக் கதவை யாரும் கேட்கப் போவதில்லை. கேட்காததால்தான் கான்ட்ராக்டர் "இதெல்லாம் எதுக்கும்மா" என்பார். சொல்லட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கதவுக்கு முன்பணம் கொடுப்பதற்கும் முன்னால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஸ்கூட்டர் சார்ஜ் பாயின்டைப் படியடியிலிருந்து பெயர்த்து, காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, பால்கனிக்கும் படிக்கும் தள்ளி, தனி பிரேக்கரோடு போடச் சொல்லுங்கள். மீட்டர் பெட்டியை முன்சுவருக்கு மாற்ற ஈபி அலுவலகத்தில் மனு கொடுங்கள். நிரந்தர இணைப்பு இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போது மாற்றுவது சுலபம். சுவர் பூசிய பிறகு உங்களுக்கே மனம் வராது. பார்க்கிங் கூரையிலும் படிக்கூடத்திலும் வீட்டுக்குள்ளும் ஒவ்வொரு புகை அலாரம் மாட்டுங்கள். பார்க்கிங்கில் ஒலிப்பது மாடியில் தூங்குபவருக்குக் கேட்கும்படி ஒன்றோடொன்று இணைந்த வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

வாசக்கால் நாளுக்கு முன் கதவு நிறுவனத்திடமிருந்து சோதனை அறிக்கை வந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கூடவே முதல் மாடிப் பிளானும் வேண்டும், யுடிலிட்டி கிரில்லை எங்கே திறக்கலாம் என்று குறித்துத் தருகிறேன்.